நாயை அனுப்பிவிட்டால் உண்ணி போய்விடுமா?

பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கும் ஒரு சகோதரி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

வீட்டில் மணி என்ற நாட்டு நாய், ஒரு பூனை, கட்டுத்தறியில் மூன்று கறவை மாடுகள். மாடுகளில் இரண்டு ஜெர்சி கலப்பு; மூன்றாவது, சில மாதம் முன்பு பாலக்காட்டுக்காரர் ஒருவரிடம் வாங்கியது. போன வருடம் மணிக்கு மூக்கில் ரத்தம் ஒழுகி, சோறு தண்ணீர் இல்லாமல் படுத்துவிட்டது. உண்ணியால் வரும் எர்லிக்கியா என்ற ரத்த நோய் என்று சொல்லி ஒரு மாதம் மாத்திரை கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆனால் உண்ணி மட்டும் போகவில்லை. ஷாம்பு, பவுடர், வேப்பெண்ணெய், கடைசியில் மாட்டுக்கு அடிக்கும் மருந்தையே நாய்க்கும் அடித்துப் பார்த்தாயிற்று. மூன்று வாரம் நன்றாக இருக்கிறது, அப்புறம் காது நிறைய மறுபடியும் உண்ணி.

கார்த்திகை மாதம் ஒன்பது வயது மகனுக்கு விடாத காய்ச்சல். மருத்துவமனையில் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று சொல்லி மருந்து கொடுக்க, இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சுதான். மாட்டில் இருக்கும் உண்ணியும் நாயிடமிருந்து வந்ததுதான், பையனுக்குக் காய்ச்சலும் நாயால்தான், அதனால் மணியை மலை ரோட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கும் நாத்தனார், உண்ணி கடித்தால் லைம் நோய் வந்து மூட்டெல்லாம் போய்விடும் என்று எச்சரித்திருக்கிறார். பக்கத்துத் தோட்டக்காரர் குரங்குக் காய்ச்சல் என்று ஒன்றைக் கிளப்பிவிட்டிருக்கிறார். “எதை நம்புவது, மணியை வைத்துக்கொள்ளலாமா கூடாதா?” என்று கேட்டு, நான்கு புகைப்படங்களும் மகனின் பரிசோதனைத் தாளும் அனுப்பியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

மணியை அனுப்ப வேண்டாம். ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் மற்றவர்களுக்கும் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் கடிதத்தில் நான்கைந்து விதமான பூச்சிகள் ‘உண்ணி’ என்ற ஒரே பேரில் கலந்து கிடக்கின்றன. சில நெருங்கிய சொந்தம், ஒன்று தூரத்துச் சொந்தம். ஒவ்வொன்றுக்கும் ஏறும் உடம்பு வேறு, ஒளியும் இடம் வேறு, பரப்பும் நோய் வேறு. அதைப் பிரித்துப் பார்த்தால் பயம் பாதி குறையும், செய்ய வேண்டிய வேலையும் தெளிவாகும்.

பையனுக்கு வந்தது எது?

முதலில் குழந்தை. நீங்கள் அனுப்பிய தாளில் ஸ்கரப் டைபஸ் ஐஜிஎம் பாசிட்டிவ் என்று இருக்கிறது. அதாவது, அந்த நோய்க் கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் தென்பட்டிருக்கிறது. அக்குளில் வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்தால் சந்தேகத்துக்கு இடமே குறைவு. நம் ஊரில் ஸ்கரப் டைபஸுக்கு உண்ணிக் காய்ச்சல் என்று பேர் நிலைத்துவிட்டது. ஆனால் அதைப் பரப்புவது நாய் உண்ணியோ மாட்டு உண்ணியோ கிடையாது. தென்னங்குரும்பையைச் சொறியாக்கும் ஈரியோபைட் சிலந்தியைத் தோப்பு வைத்திருக்கும் உங்களுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த இன்னொரு நுண்சிலந்திதான் குற்றவாளி. அதன் பேர் லெப்டோட்ராம்பிடியம். அதிலும் இளம்பருவம் மட்டும்தான் கடிக்கும். கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். புதர், வேலியோரப் புல், எலி நடமாடும் வரப்பு ஆகியவைதான் அதன் இடம். தென்னிந்தியாவில் மழை ஓய்ந்து பனி தொடங்கும் மாதங்களில் இந்தக் காய்ச்சல் கூடும். உங்கள் மகனுக்கு வந்த கார்த்திகை மாதமும் அதற்குப் பொருந்துகிறது. அவன் புதருக்குள் பந்து பொறுக்கப் போனானா, வேலியோரம் உட்கார்ந்து விளையாடினானா என்று கேட்டுப் பாருங்கள். மணிக்கும் இதற்கும் தொடர்பு இல்லை.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நாய் உண்ணி மனிதருக்கு எந்த நோயும் தராது என்று நினைத்துவிடாதீர்கள். இந்தியன் டிக் டைபஸ் என்று ஒன்று இருக்கிறது. ரிக்கெட்சியா கோனோரி என்ற கிருமியால் வருவது. அதை நாய் உண்ணி கடத்தும். காய்ச்சலோடு உள்ளங்கை, உள்ளங்கால் வரை சிவப்புத் தடிப்பு வந்தால் அதைச் சந்தேகப்பட வேண்டும். இரண்டு காய்ச்சலுக்கும் மருந்து ஏறக்குறைய ஒன்றுதான், சீக்கிரம் ஆரம்பிப்பதுதான் முக்கியம். அதனால் இனி வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், “வீட்டில் நாய் இருக்கிறது, உண்ணித் தொல்லை இருக்கிறது, தோட்டத்தில் புதர் இருக்கிறது” என்று மூன்றையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நாய் உண்ணியும் மாட்டு உண்ணியும்

இனி புகைப்படங்களுக்கு வருகிறேன். முதல் படம் உங்கள் வீட்டு நிலைக்கதவுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள விரிசல். அதில் வரிசையாகப் பழுப்பு நிற உண்ணிகள் தலையை உள்ளே வைத்து ஒட்டியிருக்கின்றன. மேல் மூலையில் சாம்பல் நிறத்தில் உப்பிய பெண் உண்ணி ஒன்று. அதன் முன்னால் ரவையைப் போல ஒட்டிக் குவிந்திருப்பது முட்டை. இரண்டாவது படம் மாட்டின் மடிக்கும் தொடைக்கும் இடைப்பட்ட மடிப்பு. அதில் இருப்பவை வேறு. கால்கள் வெளிறிய கிரீம் நிறம், வாய் குட்டை, உடம்பின் பின்விளிம்பில் நாய் உண்ணிக்கு இருப்பது போன்ற வெட்டுவெட்டான மடிப்பு இல்லை.

இரண்டும் ரைபிசெபாலஸ் என்ற ஒரே பேரினம்தான். மாட்டு உண்ணியை முன்பு பூஃபிலஸ் என்று தனியாக வைத்திருந்தார்கள். மரபணு பார்த்தபின் 2003 வாக்கில் ரைபிசெபாலஸுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். சொந்தம் அவ்வளவு நெருக்கம். ஆனால் வாழும் முறையில் ஏணி வைத்தாலும் எட்டாது.

மாட்டு உண்ணி, அதாவது ரைபிசெபாலஸ் மைக்ரோப்ளஸ், ஒரே மாட்டில் பிழைப்பை முடித்துக்கொள்ளும். ஆறு கால் குஞ்சாகப் புல்நுனியிலிருந்து மாட்டின் மேல் ஏறும். அங்கேயே ரத்தம் குடித்து, அங்கேயே தோலுரித்து எட்டுக் கால் இளம் உண்ணியாகி, மறுபடி தோலுரித்துப் பெரிதாகி, இணைசேர்ந்து, வயிறு நிரம்பிய பெண் மட்டும் கீழே விழும். இதற்கெல்லாம் சுமார் மூன்று வாரம். விழுந்த பெண் சாணிக்கடியிலோ புல் தூரிலோ இரண்டாயிரம், மூவாயிரம் முட்டை இட்டுவிட்டுச் செத்துப்போகும். குஞ்சுகள் நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து அடுத்த மாட்டுக்காகக் காத்திருக்கும். உங்கள் தென்னந்தோப்பு அதற்கு ஏற்ற இடம்.

நாய் உண்ணி மூன்று முறை இறங்கி ஏறும். குஞ்சு சில நாள் ரத்தம் குடித்துவிட்டு நாயை விட்டு இறங்கி, சுவர் விரிசலுக்குள் போய்த் தோலுரிக்கும். மறுபடி நாயைத் தேடி வரும். மறுபடி இறங்கும். மூன்றாவது முறை ஏறிக் குடித்த பெண் இறங்கி, நாலாயிரம் வரை முட்டை இடும். இறங்கியதும் மேல்நோக்கி ஏறுவது அதன் சுபாவம். அதனால்தான் உங்கள் மாமியார் அதைச் சுவரிலும் விட்டத்திலும் பார்த்திருக்கிறார். உண்ணி இனங்களிலேயே மனிதர் வாழும் வீட்டுக்குள் தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் நடத்தும் திறமை இதற்குத்தான் அதிகம்.

நீங்கள் மூன்று வாரம் நிம்மதி, அப்புறம் மறுபடி உண்ணி என்று எழுதியதற்கு விடை இதுதான். ஷாம்பு போட்ட அன்று நாயின் மேல் இருந்தவை செத்தன. வாழ்நாளின் பெரும்பகுதியைச் சுவரில் கழிக்கும் பூச்சி இது. அந்த நேரத்தில் விரிசலில் இருந்தவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவை தோலுரித்து, பசித்து, திரும்பி வந்தன.

அப்படியானால் நாயிடமிருந்து மாட்டுக்குப் போகுமா? நாய் உண்ணி எப்போதாவது மாட்டில் ஏறலாம், மாட்டு உண்ணி எப்போதாவது நாயில் தென்படலாம். ஆனால் மணியை ஒரு வருடம் பட்டினத்தில் விட்டுவைத்தாலும் உங்கள் மாட்டில் ஒரு உண்ணிகூடக் குறையாது. மாட்டுக்கு வருவது மேய்ச்சல் நிலத்திலிருந்தும், புதிதாக வாங்கும் மாட்டிலிருந்தும்தான்.

இதில் உங்கள் வீட்டுக்காரர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். உங்கள் நான்காவது படம், மணியின் காதுக்குப் பின்னால் எடுத்தது, மங்கலாக இருக்கிறது. ஆனால் அந்த உண்ணி சிறியதாக, தலை வேறு வடிவில் இருக்கிறது. அது ஹீமாபைசாலிஸ் பேரினமாக இருக்கலாம். அந்தப் பேரினத்தில் பைஸ்பினோசா என்றொரு இனம் ஆடு, மாடு, நாய் என்று எல்லாவற்றிலும் ஏறும். கண் இல்லாத உண்ணி அது. வாயின் இரு பக்க உறுப்புகள் வெளியே அகன்று நீட்டிக்கொண்டிருக்கும். மணி மாட்டோடு புதர்க்காட்டுக்குள் போய் வந்தால் இதைச் சேர்த்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. படத்தை வைத்து முடிவாகச் சொல்லக்கூடாது. அதைப் பிடித்து என்ன செய்வது என்று கீழே சொல்கிறேன்.

பாலக்காட்டு மாடு விஷயமும் கவனிக்க வேண்டியது. கேரளத்தில் மைக்ரோப்ளஸோடு கூட ரைபிசெபாலஸ் அனுலேட்டஸ் என்ற அதன் உடன்பிறப்பும் மாடுகளில் நிறைய இருக்கிறது. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். லென்ஸ் வைத்து ஆண் உண்ணியைத் திருப்பிப் பார்த்தால் மைக்ரோப்ளஸ் ஆணுக்குப் பின்பக்கம் குட்டி வால் ஒன்று இருக்கும், அனுலேட்டஸ் ஆணுக்கு இருக்காது. இரண்டும் இணைசேர்ந்தால் குஞ்சு பிறக்கும், ஆனால் அதில் ஆண்கள் மலடாக இருக்கும். பிரிந்துபோன இனங்கள் என்பதற்கு அது ஒரு அடையாளம். ஆஸ்திரேலிய மாட்டு உண்ணியையும் வெகுகாலம் மைக்ரோப்ளஸ் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2012-இல் அதை ஆஸ்ட்ராலிஸ் என்று தனி இனமாக மீட்டெடுத்தார்கள். சந்தை, லாரி, கப்பல் என்று மாடு போன வழியெல்லாம் இந்த உண்ணிகளும் போயிருக்கின்றன. மைக்ரோப்ளஸ், அனுலேட்டஸ் இரண்டுமே மாட்டுக்கு பபீசியா நோயைத் தரும். மூத்திரம் காபி நிறத்தில் போவது அதில்தான். ஒரே நல்ல செய்தி, இரண்டுக்கும் வைத்தியம் ஒன்று.

மணியின் நோய் எப்படி வந்தது?

எர்லிக்கியா நாய் உண்ணியால் வந்தது, அதில் மாற்றமில்லை. இங்கே உலக அளவில் ஒரு சுவாரசியமான விஷயம் உண்டு. நாய் உண்ணிக்கு 1806-இல் லாத்ரேல் என்ற பிரெஞ்சுக்காரர் சாங்குனியஸ் என்று பேர் வைத்தார். இருநூறு வருடம் உலகம் முழுக்க ஒரே இனம் என்றே எல்லோரும் படித்தோம். பிறகு தென் அமெரிக்காவில் ஒரு புதிர் கிளம்பியது. பிரேசிலில் நாய்களுக்கு எர்லிக்கியா ஏராளம். உருகுவேயில் உண்ணி நிறைய இருந்தும் அந்த நோயைக் காணோம். ஆராய்ந்தபோது வெப்பநாடுகளில் இருப்பது ஒரு வகை, குளிர்ந்த பகுதிகளில் இருப்பது இன்னொரு வகை என்று தெரிந்தது. ஆய்வகத்தில் வெப்பநாட்டு வகை எர்லிக்கியாவை நன்றாகக் கடத்தியது, மற்றது கடத்தவில்லை. பழைய பேரான சாங்குனியஸ் 2018-இல் குளிர்ப்பகுதி வகைக்கு உறுதியானது. வெப்பநாட்டு வகைக்கு 2021-இல் லின்னேயி என்ற, 1826-இல் வைத்து மறந்துபோன பேரை மீட்டுக் கொடுத்தார்கள்.

நம் ஊரில் இருப்பது வெப்பநாட்டு வகை. அதனால் ஐரோப்பாவில் இருக்கும் யாராவது “எங்கள் நாய்க்கும் உண்ணி இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லையே” என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு அலட்சியமாக இருக்காதீர்கள். இங்கே நாயின் மேல் உண்ணி என்றால் எர்லிக்கியா ஆபத்து கூடவே இருக்கிறது. மணிக்கு மறுபடியும் வரலாம்; ஒருமுறை வந்து குணமானதால் பாதுகாப்பு கிடைத்துவிடாது. நாய்களுக்கு வரும் இன்னொரு ரத்த நோயான பபீசியா கிப்சோனியை 1910-இல் முதன்முதலில் கண்டதே மெட்ராஸில்தான், வேட்டை நாய்களின் ரத்தத்தில். இந்த மண்ணில் உண்ணி நோய்கள் அவ்வளவு பழையவை.

லைம், குரங்குக் காய்ச்சல்

நாத்தனார் அவர் ஊருக்குச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். லைம் என்பதே கனெக்டிகட்டில் உள்ள ஒரு ஊர். 1970-களில் அங்கே குழந்தைகளுக்கு மூட்டுவீக்கம் கூட்டமாக வந்ததிலிருந்துதான் நோய்க்குப் பேர் வந்தது. அங்கே அதைக் கடத்துவது ஐக்சோடஸ் ஸ்காபுலாரிஸ் என்ற காட்டு உண்ணி. மேற்குக் கடற்கரையில் ஐக்சோடஸ் பசிபிகஸ், ஐரோப்பாவில் ரிசினஸ், ரஷ்யா தொடங்கி ஜப்பான் வரை பெர்சல்கேட்டஸ் என்று அதன் பங்காளிகள். அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ளதை 1979-இல் டாமினி என்று தனி இனமாக அறிவித்தார்கள். வடக்கும் தெற்கும் தாராளமாக இணைசேர்ந்து குஞ்சு பொரிப்பதைப் பார்த்து 1993-இல் ஒரே இனம் என்று திரும்பச் சேர்த்தார்கள். ஆனாலும் தெற்கு மாநிலங்களில் லைம் குறைவு. அங்கே இளம் உண்ணிகள் பெரும்பாலும் அரணைகளில் ஏறுகின்றன, சருகுக்கடியிலேயே தங்கி மனிதர் மேல் ஏறுவது குறைகிறது. ஒரே இனத்துக்குள்ளேயே இடம் மாறினால் ஆபத்து மாறும்போது, கனெக்டிகட் எச்சரிக்கையை அப்படியே பொள்ளாச்சிக்கு எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் கதவு விரிசலில் இருக்கும் நாய் உண்ணி லைம் நோயைக் கடத்தாது.

குரங்குக் காய்ச்சல் நிஜமான நோய். 1957-இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபோது கண்டுபிடித்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையோரம் வயநாடு, கோவா வரை பரவியிருக்கிறது. நம் மாநிலத்தில் முதுமலைப் பக்கம் 2012 இறுதியில் குரங்குகளிடம் கண்டறிந்தார்கள். கடத்துவது ஹீமாபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்ற காட்டு உண்ணி. சருகில் வாழ்வது, வீட்டுச் சுவரில் குடியேறாது. மார்கழி தொடங்கிக் கோடை வரை அதன் இளம் உண்ணிகள் காட்டுக்குள் விறகு பொறுக்கப் போகிறவர்களைக் கடிக்கும். காட்டில் மேய்ந்து திரும்பும் மாடு, வளர்ந்த உண்ணியைச் சுமந்து வந்து போடும். ஆகவே உங்கள் மாடு வனத்துக்குள் மேயாமல் இருந்தால் நல்லது. தோட்டத்தில் செத்த குரங்கைப் பார்த்தால் தொடாமல், வனத்துறைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அன்றே சொல்லுங்கள். இதைத் தவிர இந்தப் பயத்தை வீட்டுக்குள் வளர்க்க வேண்டாம்.

மணியை விட்டுவிட்டால்

சுவரில் இருக்கும் உண்ணிகள் மணியோடு கிளம்பிப் போகாது. வளர்ந்த நாய் உண்ணி ஒரு வருடத்துக்கு மேலும் பட்டினி கிடக்கும். வழக்கமாக ஏறும் நாய் இல்லாமல் போனால் பசியோடு திரியும் உண்ணிக்கு அடுத்த உடம்பு பாயில் படுத்திருக்கும் குழந்தைதான். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள்: ஒரு பக்கம் நாய், ஒரு பக்கம் மனிதர், நடுவில் உண்ணி. அறையின் வெப்பம் 23 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்கு ஏறியபோது உண்ணிகள் மனிதர் பக்கம் திரும்புவது கூடியது, அதிலும் வெப்பநாட்டு வகைக்கு இது தெளிவாகத் தெரிந்தது. நம் பங்குனி, சித்திரையை நினைத்துப் பாருங்கள். மருந்து கொடுத்த நாய் வீட்டில் இருந்தால், பசித்து வரும் உண்ணி அதைக் கடித்துச் சாகும். மணியை வைத்துத்தான் அந்த வீட்டைச் சுத்தம் செய்ய முடியும்.

சட்டமும் இருக்கிறது. வளர்த்த பிராணியைப் பட்டினியால் வாடும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் உங்கள் வீட்டுக்காரரிடம் சட்டத்தைக் காட்டிப் பேச வேண்டாம் என்பது என் யோசனை. அவர் மகனுக்காகப் பயந்துதான் இப்படிப் பேசுகிறார். பரிசோதனைத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள்.

இனி செய்ய வேண்டியது

மணிக்கு: வாய்வழி மாத்திரைகள் வந்துவிட்டன, ஃப்ளூரலேனர், அஃபாக்ஸோலேனர் போன்றவை. சிலவற்றை மாதம் ஒருமுறையும், சிலவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்க வேண்டும். எடை பார்த்து மருத்துவர் எழுதித் தர வேண்டும். வலிப்பு வந்த நாயானால் அதைச் சொல்லிவிடுங்கள். இந்த மாத்திரை உண்ணி கடித்த பிறகுதான் அதைக் கொல்லும். எனவே முதல் இரண்டு மாதம் நாயின் மேல் உண்ணி தென்பட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். சுவரில் இருப்பு தீரும்வரை வந்துகொண்டிருக்கும். குறைந்தது நான்கு மாதம் இடைவெளி விடாமல் கொடுங்கள். மாட்டு மருந்தை நாய்க்கு அடிப்பதை இன்றோடு விடுங்கள்.

பூனைக்கு: இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் படித்ததும் எனக்குப் பதற்றமானது இங்கேதான். உண்ணிக்கு அடிக்கும் டெல்டாமெத்ரின், பெர்மெத்ரின் வகை மருந்துகள் பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கு அடித்த ஈரம் காயும் முன் பூனை உரசிப் படுத்தாலே போதும். அமிட்ராஸ் என்ற உண்ணி மருந்தும் பூனைக்கு ஆகாது. சுவருக்கு மருந்து அடிக்கும் அன்று பூனையை வேறு இடத்தில் வையுங்கள்.

வீட்டுக்கு: நிலைக்கதவு விரிசல், மணி படுக்கும் திண்ணையின் ஓரம், விட்டம் சுவரைத் தொடும் இடம் ஆகிய மூன்றும் முக்கியம். முதலில் பழைய பிரஷ்ஷால் சுரண்டி எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். பிறகு மருத்துவர் சொல்லும் மருந்தை விரிசலுக்குள் இறங்கும்படி அடியுங்கள்; முட்டை பொரிந்து வருவதையும் பிடிக்க இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மூன்று நான்கு தடவை. கடைசியில் சிமென்ட் பூசி விரிசலை மூடிச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். மணி படுக்கும் சாக்கை எரித்துவிட்டு, கொதிநீரில் அலசக்கூடிய துணி போடுங்கள். பயிருக்கு அடிக்கும் மருந்து எதுவும் வீட்டுக்குள் வேண்டாம்.

மாடுகளுக்கு: மூன்று வாரக் கணக்கை நினைவில் வையுங்கள். அமெரிக்காவில் 1893-இல் ஸ்மித், கில்போர்ன் இருவரும் மாட்டுக் காய்ச்சலை உண்ணிதான் பரப்புகிறது என்று நிரூபித்தார்கள். 1906-இல் தொடங்கி, ஒரு மாடு விடாமல் மருந்துத் தொட்டியில் திரும்பத் திரும்ப முக்கி எடுத்தே 1943-க்குள் மெக்சிகோ எல்லையோரம் தவிர நாடு முழுக்க அந்த உண்ணியை ஒழித்தார்கள். மாட்டை விட்டு நடுவில் இறங்காத உண்ணி என்பதால்தான் அது முடிந்தது. உங்களுக்கும் அதே கணக்கு: மூன்று மாட்டுக்கும் ஒரே நாளில், பெண் உண்ணி நிரம்பி விழும் முன், மூன்று வாரத்துக்குள் அடுத்த சுற்று. ஒன்றுக்கு அடித்து ஒன்றை விட்டால் பலன் இல்லை. மருந்தை நீர்க்கக் கலந்தாலும் பலன் இல்லை, அதுதான் டெல்டாமெத்ரினுக்குச் சாகாத உண்ணிகளை வளர்த்துவிட்டது. சரியாக அடித்தும் சாகவில்லை என்றால் மருந்தின் வகையை மாற்றித் தரச் சொல்லுங்கள். கறவை மாட்டுக்கு ஐவர்மெக்டின் ஊசி பாலில் இறங்கும். கேட்காமல் போட வேண்டாம். வேப்பங்கொட்டை, பூண்டு, வசம்பு, மஞ்சள், உண்ணிச்செடி இலை அரைத்துத் தெளிக்கும் மூலிகைக் கரைசலை நடுவாரங்களில் மாட்டுக்கும் கட்டுத்தறிச் சுவருக்கும் தாராளமாக அடிக்கலாம். இனி புது மாடு வாங்கினால் மூன்று வாரம் தனியாகக் கட்டி, மருந்து அடித்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள்.

கையால் நசுக்க வேண்டாம். நசுக்கினால் வயிற்றிலிருந்து நூற்றுக்கணக்கில் குஞ்சு சிதறும் என்று மாமியார் சொல்வது சரியில்லை, இடாத முட்டை பொரியாது. ஆனால் அந்த ரத்தத்தில் இருக்கும் கிருமி விரல் கீறல் வழியே ஏறலாம். இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய், சூடம், எரிந்த தீக்குச்சி எதுவும் வேண்டாம்.

அந்த நான்காவது படத்து உண்ணி மறுபடி கிடைத்தால், ஊசி போடும் முன் தடவும் ஸ்பிரிட் ஊற்றிய சின்னக் குப்பியில் போட்டு, எந்தப் பிராணியில், எந்த இடத்தில், எந்தத் தேதியில் எடுத்தது என்று பென்சிலால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளேயே போடுங்கள். மாட்டிலிருந்து ஆணும் பெண்ணுமாகச் சிலவற்றைத் தனிக் குப்பியில் எடுங்கள். உங்களுக்குப் பக்கம் உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரி. ஒட்டுண்ணியியல் துறையில் கொடுத்தால் நுண்ணோக்கியில் பார்த்து இனம் சொல்வார்கள். போகும்போது மணியையும் கூட்டிச் சென்று ரத்தத் தட்டணுக்களை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். போன வருடம் வந்த நோய் உள்ளே மிச்சம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இப்போதே பார்ப்பது நல்லது. ஈறு வெளுத்தோ மூக்கில் ரத்தம் வந்தோ தெரியவரும்வரை காத்திருக்க வேண்டாம்.